கொழும்பில் ஓடிய டிரில் டீச்சர்

டிரில் டீச்சரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் ஒரு சேவல் இருந்தது. கால் கட்டிய சேவல். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு ஏலாக்குறிச்சி ரோட்டில் ஓடிவந்துகொண்டிருந்தார். நான் அன்றைக்குத்தான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராகச் சேர அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் சேவலோடு ஒரு பெண்பிள்ளை ஓடிவந்தால் யாராக இருந்தாலும் திருட்டு என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரோ நிற்காமலே, "புது டீச்சருங்களா? நேராப் போயி கோயிலுக்குப் பின்னால திரும்புங்க. இந்தச் சேவலக் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

பிரேயர் மணி அடிப்பதற்குள் திரும்பி வந்து, விசில் ஊதி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியும் விட்டார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வாங்கியது.

பேரைச் சொல்லப் போவதில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எல்லோருக்கும் டிரில் டீச்சர்தான். அப்போது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. ஒல்லியான தேகம், கறுத்து மினுங்கும் முகம், கழுத்தில் சிலுவை கோத்த ஒரு மெல்லிய சங்கிலி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தார். தினமும் விடியற்காலையில் திருமானூர்ப் பக்கமாக ஓடிப் போய்த் திரும்புவார். ஆனால் வெறுங்கையோடு ஓடி நான் பார்த்ததே இல்லை. ஒரு நாள் யார் வீட்டுக்கோ முருங்கைக்காய்க் கட்டு, ஒரு நாள் யாருக்கோ இருமல் மருந்து, ஒரு நாள் தையற்கடைக்கு அளவு ரவிக்கை. "டீச்சர் ஓடத்தானே போறீங்க, இதக் கொண்டு போயி குடுத்துருங்க" என்று ஊரில் பாதிப் பேர் வாசலில் காத்திருப்பார்கள். யார் எதைக் கொடுத்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான்.

"போற வழிதானே! குடுங்க."

அது போகிற வழியாகவே இருக்காது. வாய்க்காலைத் தாண்டி, இரண்டு தெரு சுற்றிப் போக வேண்டியிருக்கும். இருந்தாலும் அது அவருக்குப் போகிற வழிதான். ஒரு காரியத்துக்காக மட்டும் வீட்டை விட்டுக் கிளம்புவது என்பது அந்த மனுஷிக்குத் தெரியவே தெரியாது.

குன்னத்தில் என் பெரியப்பா இறந்தபோது துக்கம் கேட்க வந்தார். குன்னம் எனக்குச் சொந்த ஊர். பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு முறையாக அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்ட கையோடு, "ஏங்க, இந்தப் பக்கம் வெத வெங்காயம் நல்லாருக்குமாமே, அண்ணன் கேட்டுச்சு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பெரியம்மாவோ அழுகையை நிறுத்திவிட்டுத் தன் மகனைக் கூப்பிட்டு, "அந்த வெங்காயப் பட்டறையிலேர்ந்து நல்லதாப் பாத்து அள்ளிக் குடுடா, பாவம், அம்மாந் தூரத்துலேர்ந்து வந்துருக்காங்க" என்றாள். சாயங்காலம் பஸ் ஏறும்போது டீச்சர் பக்கத்தில் அரை மூட்டை வெங்காயம் இருந்தது. அது போதாதென்று, எங்கள் கணக்கு டீச்சரின் தங்கைக்குப் பொருத்தமாக, இழவு வீட்டிலேயே ஒரு மாப்பிள்ளையையும் பார்த்து வைத்திருந்தார். அந்தக் கல்யாணம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். பெரம்பலூரில் நடந்ததைச் சொல்லும்போது மட்டும் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

பெரம்பலூரில் ஆசிரியர்களுக்கு விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். பெண்களுக்கான நெடுந்தூர ஓட்டத்தில் டீச்சர் முதலில் வந்துகொண்டிருந்தார். அடுத்து வந்தவர் கண்ணுக்கே தெரியவில்லை. நான் எல்லைக் கோட்டில் துண்டும் குளுகோஸ் தண்ணீருமாக நின்றிருந்தேன். எனக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அரும்பாவூர் ஆசாரி ஒருவர் இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, மாதக்கணக்கில் இழுத்தடித்துக்கொண்டிருந்த மனிதர். டீச்சர் அவரைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் நின்றுவிட்டார். ஓட்டப் பந்தயத்தின் நடுவில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்னாங்க ஆசாரி, புள்ளைவோ தரையில உக்காந்துருக்குதுவோ, நீங்க இங்க நின்னு வேடிக்கை பாக்குறீங்களா?" என்று பிடித்துக்கொண்டார். ஆசாரி சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேர் தாண்டிப் போய்விட்டார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவரோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"கோவமா டீச்சர்?"

"எனக்கென்ன கோவம்? ஓடுனது நீங்க, தோத்தது நீங்க."

"அடுத்த வாரம் பெஞ்சு வந்துருமுல்ல?"

"பெஞ்சு வரட்டும். கப்பு போச்சே! ஒரு நாளைக்காவது ஒரே ஒரு வேலைய மட்டும் செய்ய முடியாதா உங்களால?"

விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் வழக்கம்போலச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. வெளியே பருத்திக் காட்டைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

"எனக்குப் பதினேழு வயசுல மெட்ராஸ்ல ஓட எடுத்தாங்க டீச்சர். டிரஸ்ஸெல்லாம் தச்சாச்சு. கெளம்புற அன்னிக்கி எங்கப்பா, 'எதுக்குப் போற?'ன்னாரு. 'ஓடுறதுக்கு'ன்னேன். 'வயசுப் புள்ள ஓடுறதுக்காவ ஊரு விட்டு ஊரு போவுமா?'ன்னு கதவச் சாத்திட்டாரு. அப்பறம் ஒரு நா பால் வாங்கப் போறேன்னு கெளம்புனேன். யாரும் ஒண்ணும் கேக்கல. போறப்ப ஓடிப் போனேன், வர்றப்ப நடந்து வந்தேன். மருந்து வாங்கப் போறேன், மாவு அரைக்கப் போறேன், கோழி குடுத்துட்டு வரேன். இப்ப அப்பா இல்ல, அண்ணன் இருக்குது. காலையில, 'எங்க கெளம்பிட்ட?'ன்னு கேக்கும். கையில ஏதாச்சும் இருந்தாத்தான் பதில் சொல்ல வருது."

நான் ஜன்னலிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தேன். இத்தனை நாளாக ஊராருக்கு உபகாரம் செய்கிறார் என்று நினைத்திருந்தேனே! சேவலும் முருங்கைக்காயும் வீட்டை விட்டு வெளியே வர அவர் வாங்கிய அனுமதி என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. மிச்சமிருந்த குளுகோஸ் தண்ணீரை அவர் கையில் கொடுத்தேன். அதையும் அவர் முன் சீட்டில் அழுதுகொண்டிருந்த குழந்தைக்குக் கொடுத்துவிட்டார்.

கொழும்புப் பேச்சு வந்தது அதற்கு மறு வருஷம். எழுபதுகளின் கடைசி அது. எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்தும் கன்னியர் மடத்திலிருந்து கொழும்புக்குப் போயிருந்த சிஸ்டர் ஒருவர் விடுமுறைக்கு வந்தார். அங்கே அவர்கள் பள்ளிக்கூடத்து விழாவில், ஆசிரியைகளுக்கு ஒரு ஓட்டப் பந்தயம் வைக்கிறார்களாம். இந்தியாவிலிருந்தும் வரலாமாம். முதல் மூன்று பேருக்குப் பதக்கம். தங்குவதற்கு மடத்திலேயே இடம் தருவதாகவும், மே மாத லீவில்தான் என்பதால் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை என்றும் சிஸ்டர் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை என்னிடம் வந்து, "கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலு கொழும்புலதானே இருக்குது?" என்று கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அண்ணனிடம் அந்தோணியாருக்கு நேர்ச்சை என்று மட்டும் சொன்னார். ஓட்டத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அண்ணன் மகனுக்கு மூச்சு இழுப்பு நோய். அவனுக்காகப் போகிறேன் என்றதும் அண்ணன் மறுக்கவில்லை. "தனியாவா போவ?" என்று மட்டும் கேட்டார். அப்படித்தான் துணைக்கு நான் உள்ளே வந்தேன். பூகோளப் பாடத்தில் அத்தனை தேசங்களையும் நடத்திவிட்டு, ராமேஸ்வரத்தைத் தாண்டாத எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. மிருகக்காட்சி சாலை, மியூசியம், மாடி பஸ் என்று சிஸ்டர் சொல்லச் சொல்ல ஆசை ஊறத்தான் செய்தது. ஆனால் அரியலூரில் கரண்ட் ஆபீஸில் இருக்கும் என் வீட்டுக்காரரை யார் கேட்பது?

"உங்க வூட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். நான் காபி கலந்து எடுத்து வருவதற்குள் அனுமதி வாங்கியிருந்தார். அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வரும் லைனில் தென்னை மட்டை உரசுவதைப் பற்றி என் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு வீட்டுக்காரர் என்னிடம், "நீ போயிட்டு வா. அந்த டீச்சர் மறுபடி வந்தாங்கன்னா நான் டிரான்ஸ்பர் கேக்க வேண்டியதுதான்" என்றார்.

நேர்ச்சைக்குப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் ஊரே வந்தது. அந்தோணியார் சுரூபத்தை, அதாவது சிலையை, வைத்திருக்கும் கண்ணாடிக் கூட்டில் தொட்டு எடுத்து வர ஆளாளுக்கு ஒரு துணி கொடுத்தார்கள். கைக்குட்டை, துண்டு, ரவிக்கைத் துணி, அண்ணன் மகனின் சின்னச் சட்டை. சினை பிடிக்காத ஆட்டுக்காக ஒருவர் ஆட்டுக் கயிற்றையே கொடுத்தார். கொழும்பு சோப்பும் கிராம்பும் வாங்கி வரச் சொன்னவர்கள் தனி. எல்லாவற்றுக்கும் டீச்சர், "போற வழிதானே!" என்றார். கடலைத் தாண்டிப் போகிற வழி!

ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறினோம். ஏறியதும் நான் வாந்தி எடுக்க ஆரம்பித்தேன். டீச்சர் ஒரு கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு பக்கம் உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அம்மாவிடம் ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலைமன்னாரில் சுங்க அதிகாரி எங்கள் பையைத் திறந்தார். உள்ளே அழுக்குத் துணியும் ஆட்டுக் கயிறும். என்னை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்றே நினைத்தேன். டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

"என்ர லேஞ்சியையும் ஒருக்கா அந்தோனியாரிட்டைத் தொட்டு எடுத்துக்கொண்டு வாங்கோ. திரும்பிப் போகேக்கை நான் இஞ்சைதான் நிப்பன்."

"குடுங்க, போற வழிதானே!"

கொழும்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புத்தருக்கு எடுக்கும் வெசாக் பண்டிகை நேரம். தெருவெல்லாம் காகித விளக்குக் கூடுகள் தொங்கின. வழியில் பந்தல் போட்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் இழுத்து உட்கார வைத்து இலவசமாகச் சோறு போட்டார்கள். டீச்சர் மூன்று பந்தலில் சாப்பிட்டுவிட்டு, நாலாவது பந்தலில் பரிமாறவே இறங்கிவிட்டார். மாடி பஸ்ஸில் மேலே ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தோம். மரக்கிளை கண்ணாடியில் மோதும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்தேன், அவர் கைதட்டினார். தெஹிவளை மிருகக்காட்சி சாலையில் யானைகள் வித்தை காட்டியதைப் பார்த்தோம். காலிமுகத் திடலில் கடற்காற்றில் நின்று இறால் வடை தின்றோம். நான் ஊர் பார்த்தேன். டீச்சரோ ஊர் பார்த்துக்கொண்டே பந்தயத்தின் பாதையையும் பார்த்துவைத்தார். "இந்த எடத்துல மேடு. இங்க திரும்புறப்ப வெயிலு கண்ணுல அடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், துறைமுகத்தை ஒட்டிய தெருவில் சட்டென்று நின்றார்.

"டீச்சர்! பந்தயம் அந்தோணியார் கோயிலு வாசல் வழியாத்தான் போவுது!"

அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்ததுமே எனக்குப் பெரம்பலூர் ஞாபகம் வந்துவிட்டது.

"அதுக்கு?"

"இதுக்குன்னு தனியா எதுக்கு ஒரு நடை? நாளைக்கி நீங்க மியூசியம் பாக்கணும்னீங்கள்ல, அங்க போயிருவோம். பந்தயத்தன்னிக்கி நீங்க பையோட கோயிலு வாசல்ல நில்லுங்க. நான் ஓடி வருவேன். பைய வாங்குவேன். உள்ள போயி தொட்டு எடுத்துட்டு வந்து, விட்ட எடத்துலேர்ந்து ஓடிருவேன். ரெண்டு நிமிஷம்."

"பந்தயம் முடிஞ்சதும் ஆற அமரப் போகலாமே!"

"முடிஞ்சதும் சோப்பு, கிராம்பு வாங்கணும். சாயங்காலம் ரயிலு."

"அப்ப என்கிட்ட குடுங்க. நீங்க ஓடுங்க, நான் உள்ள போயி தொட்டு எடுக்கறேன்."

"என் கையில குடுத்தாங்க. நான்தான் வைக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அண்ணங்கிட்ட நேர்ச்சைன்னு சொல்லித்தானே டீச்சர் வந்துருக்கேன். அத வுட்டுட்டு ஓடுனேன்னா, பொய் சொல்லிட்டு ஓட வந்த மாதிரி ஆயிடாதா?"

பையை நானே வாங்கி வைத்துக்கொண்டேன். மியூசியத்தில் அடுத்த நாள் எதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரம்பலூரில் பார்த்த ஆசாரிதான் ஒவ்வொரு சிலைக்குப் பக்கத்திலும் நின்றுகொண்டிருந்தார்.

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் டீச்சர் வெள்ளை பேண்ட்டும் சட்டையும் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தார். சிஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கித் தந்தவை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் போய்ப் புடவை கட்டிக்கொண்டு வந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். பந்தயம் தொடங்கி முடிகிற காலிமுகத் திடலில் அவரை விட்டுவிட்டு நான் பையோடு கொச்சிக்கடைக்கு பஸ் ஏறினேன்.

கோயில் வாசலில் காலை வைக்க இடமில்லை. ஒரு பூசை முடிந்து வெளியே வரும் கூட்டமும், அடுத்த பூசைக்கு உள்ளே போகும் கூட்டமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. சுரூபத்துக்குப் போகும் வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. இதில் இரண்டு நிமிஷமாவது, மண்ணாங்கட்டியாவது! உள்ளே போனால் பந்தயத்தை மறந்துவிட வேண்டியதுதான். நான் ரோட்டோரத்துக்கு வந்து நின்றுகொண்டேன்.

முதலில் உயரமான ஒரு சிங்கள டீச்சர் வந்தார். வாசலைக் கடந்து போனார். அடுத்து நம் டீச்சர். அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி மூன்றாவதாக ஒரு பெண், இன்னும் தள்ளி நாலாவது. டீச்சர் எட்டி எட்டிக் கால் வைத்து வந்தார். அந்த நாள் வரைக்கும் அவர் ஓடி நான் பார்த்ததெல்லாம் மூட்டையோடு ஓடியதுதான். பந்தயத்தில்கூடப் பெரம்பலூரில் எல்லைக் கோட்டில் நின்றேனே தவிர, அவர் முழுசாக ஓடிப் பார்த்ததில்லை. இரண்டு கையும் வெறுமையாக, முகத்தை நிமிர்த்தி, எதிரே இருக்கும் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் வந்தார். அவ்வளவு அழகாக இருந்தார். பதினேழு வயதில் கதவைச் சாத்திய அந்த மனிதர் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

வாசலுக்கு நேரே வந்ததும் அவர் கண் ரோட்டை விட்டு விலகியது. என்னைத் தேடியது. கால் தளர்ந்தது. என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு ரோட்டோரத்துக்கு வந்தார்.

"குடுங்க டீச்சர், குடுங்க!"

நான் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனேன்.

"முடிச்சாச்சு!" என்று கத்தினேன்.

"என்னாது?"

"எல்லாத்தையும் தொட்டு எடுத்துட்டேன்! கூட்டமே இல்ல! போங்க!"

டீச்சர் நின்றுவிட்டார். அவர் பார்வை என்னைத் தாண்டிக் கோயில் வாசலுக்குப் போனது. வரிசை தெரு வரைக்கும் நின்றுகொண்டிருந்ததை என் முதுகால் மறைக்க முடியுமா? கயிற்றின் முனை வேறு பைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதாக வந்த பெண்ணின் காலடிச் சத்தம் நெருங்கி, எங்களைக் கடந்தும் போய்விட்டது.

"போங்க டீச்சர்! ஓடுங்க!" நான் அழுதேவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்துவிட்டார். பிறகு திரும்பி ஓடினார். நான் அதற்குமுன் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. தெரு முனையில் திரும்புவதற்குள் தாண்டிப் போன பெண்ணைப் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் கூட்டம் மறைத்துவிட்டது.

எனக்கு எல்லைக் கோட்டுக்குப் பறந்து போக வேண்டும்போல இருந்தது. ஆனால் பை இருக்கிறதே! போய் வரிசையில் நின்றேன். நகர்ந்து நகர்ந்து உள்ளே போய், ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியில் தொட்டேன். கைக்குட்டை, துண்டு, ரவிக்கைத் துணி, அந்தச் சுங்க அதிகாரியின் லேஞ்சி. ஆட்டுக் கயிற்றை எடுத்தபோது பக்கத்தில் நின்ற அம்மா விலகிக்கொண்டார். கடைசியாக அந்தப் பிள்ளையின் சட்டையை எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தேன். நான் கிறிஸ்தவள் இல்லாததால், கும்பிடுவது எங்கள் வழக்கப்படிதான் எனக்குத் தெரியும். அப்படியே கும்பிட்டேன். "சாமி, உங்க வாசல்லயே நின்னு பொய் சொல்லிட்டேன். அது என்னோட போகட்டும். டீச்சர் ஒண்ணும் சொல்லல. இந்தப் புள்ளைக்கு மூச்சு நல்லா வரணும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

காலிமுகத் திடலுக்கு வந்து சேர்ந்தபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓடியவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். டீச்சர் மட்டும் புல்லில் காலை நீட்டிக்கொண்டு, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்னப் பெட்டி. எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டாம் பரிசுப் பதக்கம். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சந்தோஷத்தை மறைக்க, வழக்கம்போலச் சிடுசிடுத்தேன்.

"இப்படியே உக்காந்திருந்தா எப்படி? கடைத்தெருவுக்குப் போக வேணாமா? சோப்பு, கிராம்புன்னு ஊரே காத்துக்கிட்டுருக்கு."

"போவலாம்" என்றார். எழுந்திருக்கவில்லை. பையைப் பார்த்தார். "சட்டையத் தொட்டு எடுத்தீங்களா?"

நான் பையைப் பின்னால் நகர்த்தினேன். "அதான் அப்பவே சொன்னேனே!"

"இப்பத்தானே டீச்சர் எடுத்துட்டு வரீங்க. வரிசை தெருவுல நின்னுச்சு. கயிறு தொங்குச்சு. நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்கு அங்கயே தெரியும்."

"தெரிஞ்சுதா? தெரிஞ்சும் ஏன் ஓடுனீங்க?"

அலை வந்து சுவரில் மோதித் தண்ணீர் எங்கள் மேல் தெறித்தது. டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ தப்பு செய்து அகப்பட்டுக்கொண்டவர் போல, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஓடணும்போல இருந்துச்சு டீச்சர்."